கடல் கடந்து வந்த மேய்ப்பர்கள்

யாழ்ப்பாண நகரின் பண்ணைக் கரையில் நின்று நோக்கினால், ஆழமற்ற நீரேரிக்கு அப்பால், பனைகளின் கருநிற வரிசையாகத் தோன்றும் மண்டைதீவு, தீவகம் முழுமைக்கும் தலைவாசலாக அமைந்திருக்கிறது. வேலணைக்கும் ஊர்காவற்றுறைக்கும் புங்குடுதீவுக்கும் போகிறவர்கள், சிறகுவலைக் கம்புகள் இருபுறமும் நீரில் நட்டு நிற்க, அவற்றின் மேல் நீர்க்காகங்கள் இறகு உலர்த்தியிருக்க, கடலை ஊடறுத்துச் செல்லும் அந்த வீதியால் இத்தீவின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டுதான் அப்பால் செல்லவேண்டும். நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் போகிறவர்களோ, தரைவழி முடிந்துபோகும் குறிகட்டுவானில் இறங்கிப் படகேற வேண்டும். நாகபூஷணி அம்மனைத் தரிசிக்கச் செல்லும் அடியார்களும், நாகவிகாரையை வணங்கச் செல்லும் சிங்கள யாத்திரிகர்களும், வெங்காயமும் சீமெந்தும் ஏற்றிச் செல்லும் வியாபாரிகளும் நெருக்கியடித்துக்கொண்டு போகும் அந்த வழியில், கையில் வேதப்புத்தகமும் தோளில் கமெராப் பையுமாக, தமிழ்நாட்டிலிருந்தோ லண்டனிலிருந்தோ ரொறன்ரோவிலிருந்தோ வந்திறங்கிய கிறிஸ்தவப் போதகர் ஒருவரையும் அவ்வப்போது காணலாம். தீவுகளிலுள்ள சிறு சபைகளைச் சந்தித்து, அவற்றுக்குத் திடம் சொல்லித் திரும்புவது அவர் வந்த காரியம்.

இத்தகைய யாத்திரை இந்தக் கடலுக்குப் புதிதன்று. ஆனால் அதன் சரித்திரத்தைப் புரட்டிப் பார்க்கும்போது, கப்பலேறி வந்தவர்களின் பெயர்கள் பெரிய எழுத்திலும், அவர்கள் வருவதற்கு முன்னும் போன பின்னும் சபையைக் கட்டிக்காத்த உள்ளூர் மூப்பர்களும் உபதேசியார்களும் தாய்மாரும் சிறிய எழுத்திலும், பல இடங்களில் எழுத்தே இல்லாமலும் இருக்கக் காண்கிறோம். வந்தவர்களைப் பற்றித்தான் நானும் எழுதப் புகுந்தேன். ஆயினும் இருந்தவர்களை விட்டுவிட்டு வந்தவர்களை விளங்கிக்கொள்ள இயலாது என்பது என் துணிபு.

1658ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், ஏறக்குறைய மூன்று மாத முற்றுகைக்குப் பின், யாழ்ப்பாணக் கோட்டை போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் கைக்கு மாறியது. கத்தோலிக்கக் குருமார் நாடுகடத்தப்பட்டனர்; அவர்களுக்கு ஒளிவிடம் கொடுப்பவருக்கு மரண தண்டனை என்று அவ்வாண்டிலேயே கட்டளை பிறந்தது; அவர்கள் எழுப்பிய கோவில்கள் புரட்டஸ்தாந்து ஆராதனைக்கூடங்களாகவும் பள்ளிக்கூடங்களாகவும் மாற்றப்பட்டன. அன்று தொடங்கிச் சற்றேறக்குறைய 29 ஆண்டுகள், அதாவது ஒரு தலைமுறைக்காலம் முழுவதும், யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கருக்குப் பூசை வைக்கவோ பாவசங்கீர்த்தனம் கேட்கவோ ஒரு குருவானவர் இருந்தாரில்லை. இருந்தும், பகலில் ஒல்லாந்தப் பள்ளிக்கூடத்தில் பெயர் கொடுத்துவிட்டு, இரவில் வீட்டுக் கதவை அடைத்துக்கொண்டு பழைய செபங்களைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த குடும்பங்கள் இருந்தன.

இந்தச் செய்தி கோவாவை எட்டியபோது அதனைக் கேட்டு உறக்கம் இழந்தவர் யோசேவ் வாஸ் என்னும் இளங்குரு. கொங்கணி பேசும் குடும்பத்தில், பெனோலிம் என்ற ஊரில், 1651 ஏப்பிரல் 21ஆம் நாள் பிறந்தவர். 1676இல் குருப்பட்டம் பெற்றவர். கன்னட நாட்டுக் கரையோரத்தில் சில ஆண்டுகள் ஊழியம் செய்து, பின்னர் கோவாவில் இந்தியக் குருக்களே கூடி நடத்திய ஒறற்றோரியன் சபையில் சேர்ந்தவர். ஐரோப்பியக் குருவானவர் ஒருவர் யாழ்ப்பாணத் துறையில் காலெடுத்து வைத்தால் அடுத்த நாழிகையில் காவலில் இருப்பார் என்பதையும், மாநிறத்து இந்தியன் ஒருவன் கூலிக்காரனாக நுழைந்தால் எவரும் ஏறெடுத்துப் பாரார் என்பதையும் அவர் உணர்ந்துகொண்டார். அக்காலத்து மிசனரி உலகில் நிறத்தால் கீழ்ப்பட்டவராக மதிக்கப்பட்ட ஒரு கூட்டத்துக்கு, அந்த நிறமே கடவுச்சீட்டாக அமைந்ததில் ஒரு நீதி இருக்கத்தான் செய்கிறது.

1686இல், யுவான் என்ற இளம் பணியாளன் துணையாக, அவர் கோவாவை விட்டுப் புறப்பட்டார். தூத்துக்குடி வரையில் நடந்தும் கிடைத்த ஓடங்களில் ஏறியும் வந்து, அங்கிருந்து கப்பலேறி, 1687இல் இலங்கைக் கரை சேர்ந்தார். அங்கி இல்லை, பாதரட்சை இல்லை, இடையில் ஒரு முழத்துண்டும், மூட்டைக்குள் பூசைக்கு வேண்டிய சாமான்களுமே அவருடைய ஆஸ்தி. யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தபோது பசியாலும் வயிற்றுக்கடுப்பாலும் மரணத்தின் விளிம்பில் கிடந்த அவரை, யாரோ இரக்கப்பட்டு வார்த்த கஞ்சி காப்பாற்றியது. திருச்சபைக்கு உயிர் கொடுக்க வந்தவருக்கு அவ்வூர் முதலில் உயிர் கொடுத்தது என்று சொன்னால் அது அலங்காரமன்று, நடந்த நடப்பு.

தேறியதும் அவர் கைக்கொண்ட உபாயம் வியக்கத்தக்கது. யார் கத்தோலிக்கர் என்று வாய்விட்டுக் கேட்டால், கேட்டவருக்கும் ஆபத்து, பதில் சொன்னவருக்கும் ஆபத்து. ஆகையால் கழுத்தில் செபமாலையை வெளியே தெரியத் தொங்கவிட்டுக்கொண்டு, வீடு வீடாகப் பிச்சை கேட்டுப் போனார். அரிசி போட வந்த கை எங்கே ஒரு கணம் தயங்கியதோ, போட்டுவிட்டுத் திரும்பிய முகம் எங்கே மறுபடி ஒருமுறை திரும்பியதோ, அந்த வாசலை நினைவில் வைத்துக்கொண்டார். தீர விசாரித்து நிச்சயம் செய்துகொண்ட பின்பே தாம் யாரென்று வெளியிட்டார். கத்தோலிக்க விசுவாசத்தில் உறுதி தளராத சில்லாலைக் கிராமத்தார் அவரைத் தம்மிடையே மறைத்து வைத்துக்கொள்ள, அங்கிருந்து இரவில் புறப்பட்டு ஊரூராகச் சென்று, பூசை வைத்து, பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்து, விடியுமுன் திரும்பினார்.

அவர் வருகைக்கு ஊரார் கொடுத்த விலையையும் சொல்லாமல் விடலாகாது. 1689ஆம் ஆண்டு நத்தார் இரவில், நள்ளிரவுப் பூசைக்காக யாழ்ப்பாணத்தில் வீடுகளில் மறைவாகக் கூடியிருந்தோரை ஒல்லாந்தச் சிப்பாய்கள் வளைத்துப் பிடித்தனர். குருவானவர் அகப்படவில்லை. அகப்பட்டோரில் எட்டு முக்கியஸ்தர்கள் கடுந்தண்டனைக்கு உள்ளாயினர். அவர்களுள் ஒருவர் அடியுண்டே மாண்டார். இதன் பின்னரே யோசேவ் வாஸ் யாழ்ப்பாணத்தை விட்டுப் புத்தளத்துக்கும், அங்கிருந்து 1692இல் கண்டிக்கும் சென்றார். கண்டியில் வேவுகாரர் என்ற சந்தேகத்தின் பேரில் சிறைப்பட்டதும், பின்னர் அரசனின் அபிமானத்தைப் பெற்றதும், 1697இல் வைசூரி பரவியபோது கைவிடப்பட்ட நோயாளிகளைத் தம் கையால் பராமரித்ததும் வேறொரு கட்டுரைக்குரிய விஷயங்கள். கோவாவுக்கு அவர் திரும்பவேயில்லை. 1711 ஜனவரி 16ஆம் நாள் கண்டியில் காலமானார். 2015 ஜனவரி 14ஆம் நாள் கொழும்புக் காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராகப் பிரகடனம் செய்தார்.

மண்டைதீவைக் கடந்து வேலணைத் தீவில் காலடி வைத்ததும் முதலில் எதிர்ப்படும் ஊர் அல்லைப்பிட்டி. அங்குள்ள கத்தோலிக்கக் கோவில் புனித பிலிப்பு நேரியாருடையது. பிலிப்பு நேரியார் பதினாறாம் நூற்றாண்டில் உரோமாபுரியில் வாழ்ந்தவர். ஒறற்றோரியன் சபையைத் தோற்றுவித்தவர். அந்தோனியாரும் பேதுருவானவரும் சவேரியாரும் வீட்டுப்பெயர்களாகிவிட்ட கடற்கரையிலே, இத்தாலிய நகரத்து முனிவர் ஒருவருக்குக் கோவில் அமைந்திருப்பதைக் காணும் அந்நியருக்கு அது விந்தையாகத் தோன்றும். கோவாவிலிருந்து வந்த அந்தப் பரம்பரையை அறிந்தவருக்குத் தோன்றாது.

இனி, எதிர்த்தரப்பு மேய்ப்பரையும் பார்ப்போம். யோசேவ் வாஸ் வருவதற்கு இருபத்தொன்பது ஆண்டுகளுக்கு முன்பே, வெற்றி பெற்ற சேனையோடு யாழ்ப்பாணத்துக்கு வந்தவர் பிலிப்பஸ் பால்தேயுஸ் என்ற ஒல்லாந்தப் போதகர். அவர் பிறந்த நகரம் டெல்ப்ட். நெடுந்தீவுக்கு ஒல்லாந்தர் இட்ட பெயரும் அதுவே. வேலணைக்கு லெய்டன், புங்குடுதீவுக்கு மிடில்பேர்க், காரைதீவுக்கு அம்ஸ்ரர்டாம் என்று தங்கள் நாட்டு நகரங்களையெல்லாம் தீவகத்தில் அவர்கள் குடியேற்றிவிட்டார்கள். அவற்றுள் நிலைத்தது நெடுந்தீவின் பெயர் ஒன்றுதான். பால்தேயுஸ் 1665 வரையில் இங்கிருந்து, தமிழ் படித்து, சைவர்களின் வழிபாடுகளையும் கதைகளையும் கேட்டறிந்து, கிறிஸ்தவக் கோவில்களின் தோற்றங்களைச் சித்திரங்களாகவும் சேர்த்து 1672இல் வெளிவந்த பெரிய நூலொன்றை எழுதினார். அறிவாளி, உழைப்பாளி. ஆனால் அவருக்குப் பின்னால் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கொம்பனியின் அதிகாரம் நின்றது. ஒல்லாந்தப் போதகர் ஒரு கோவிற்பற்றைச் சந்திக்க வந்தால், உபாத்தியாயர் தோம்பை விரித்து வைப்பார். ஞானஸ்நானமும் விவாகமும் அதிலே பதியப்பட்டிருக்கவேண்டும். பள்ளிக்கு வராத பிள்ளையின் பெற்றார் குற்றப்பணம் கட்டவேண்டும். தோம்பில் இல்லாத விவாகத்தால் ஆஸ்தியுரிமைக்கே பங்கம் வரலாம். ஊரார் வரிசையாக வந்து பெயர் கொடுத்தனர். பெயர் கொடுத்தவர்களில் எத்தனை பேர் மனத்தையும் கொடுத்தனர் என்பதைத் தோம்பு பதிவதில்லை.

அதற்கு விடை 1795இல் ஒல்லாந்தர் ஆட்சி முடிந்தபோது கிடைத்தது. 1806இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த கிளோடியஸ் புக்கானன் என்ற ஆங்கிலக் குருவானவர், ஒல்லாந்தரின் பெரிய கோவில்கள் பாழடைந்தும், புரட்டஸ்தாந்து சபை கலைந்தும் கிடக்கக் கண்டு மனம் வெதும்பி எழுதினார். கோவாவிலிருந்து வந்த கத்தோலிக்கக் குருமாரோ ஊருக்குள் ஊன்றி நின்றனர். குடாநாட்டில் அப்போது எஞ்சியிருந்த புரட்டஸ்தாந்து ஊழியரும் ஐரோப்பியரல்லர். தரங்கம்பாடி மிசனைச் சேர்ந்த கிறிஸ்தியன் தாவீது என்ற தஞ்சை நாட்டுத் தமிழர். 1801இல் பாக்கு நீரிணையைக் கடந்து வந்த அவர்தாம், 1824இல் கல்கத்தாவில் ஹீபர் அத்தியட்சரின் கையால் ஆங்கிலிக்கன் குருப்பட்டம் பெற்றார்.

1816இல் அமெரிக்க மிசனரிமார் வந்து தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் நிலைகொண்ட கதையை யாழ்ப்பாணத்தார் பள்ளிப்பருவத்திலேயே படித்திருப்பார்கள். அதை இங்கே விரிக்கவில்லை. ஒன்றை மாத்திரம் குறிப்பிடவேண்டும். 1820இல், அச்சுத்தொழில் அறிந்த காரெட் என்ற மிசனரி வந்திறங்கியபோது, ஆளுநர் பார்ண்ஸ் அவரைத் தங்கவிடாது திருப்பியனுப்பினார். இனி எந்த அமெரிக்கரும் புதிதாக வரலாகாது என்றும் விதித்தார். ஏறக்குறைய பன்னிரண்டு ஆண்டுகள் நீடித்த இந்தத் தடையை மிசனரிமார் பெரும் இடரென்று புலம்பினர். எனக்கோ, யாழ்ப்பாணச் சபைக்கு அந்தக் கண்டிப்பான ஆளுநர் தம்மையறியாமல் ஓர் உபகாரம் செய்தார் என்றே தோன்றுகிறது. வெள்ளைக்காரர் வர இயலாத காலத்தில் உள்ளூர்ப் பிள்ளைகளைத் தயார்செய்வதன்றி வேறு வழி இல்லை. 1832இல் யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவர்களே தம் காசைச் சேர்த்துச் சுதேச சுவிசேஷ சங்கம் ஒன்றை நிறுவினர். அச்சங்கம் தன் ஊழியர்களை அனுப்பிய இடம் வேறெதுவுமன்று, இந்தத் தீவுகளே. அந்நியரை வரவேற்றுப் பழகிய சபை, தானும் வள்ளமேறிப் போய்ப் பிறரைச் சந்திக்கப் பழகியது அப்போதுதான்.

அந்தப் பழக்கம் பின்னர் கடலையும் கடந்தது. 1900இல் வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியின் மாணவர்கள் வெளிநாட்டு மிசன் சங்கம் ஒன்றை ஆரம்பித்து, நெடுந்தீவுக்கு எதிர்க்கரையில், இராமநாதபுரம் சீமையைச் சேர்ந்த தொண்டியில் ஊழியம் நடத்தினர். காசு கொடுத்தவர் மாணவர்களும் உபாத்தியாயர்களும், சென்றவர் யாழ்ப்பாணத்தவர். 1902இல், அப்போது வை.எம்.சி.ஏ. காரியதரிசியாக இருந்த வே. ச. அசரியா யாழ்ப்பாணத்துக்கு வந்தார். திருநெல்வேலிச் சீமையில் வெள்ளாளன்விளையில் பிறந்தவர். ஆயிரக்கணக்கான கிறிஸ்தவர்களும் வரிசை வரிசையாகக் கோவில்களும் உள்ள நாட்டிலிருந்து, அளவிற் சிறிய சபையொன்றுக்கு உற்சாகம் ஊட்ட வந்தவர். வந்த இடத்தில், இந்தச் சிறிய சபை தன் சொந்தச் செலவில் தம்முடைய நாட்டுக்கே ஊழியரை அனுப்பிக்கொண்டிருப்பதை அறிந்து அவர் திகைத்தார். திருநெல்வேலி ஏன் இதைச் செய்யவில்லை என்ற கேள்வியோடு ஊர் திரும்பினார். அடுத்த ஆண்டே, 1903 பெப்ரவரி 12ஆம் நாள், பாளையங்கோட்டையில் திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கம் தோன்றியது. 1905 நத்தார் தினத்தில் வங்காளத்துச் செராம்பூரில் தேசிய மிஷனெரி சங்கம் தோன்றியது. 1912இல் அசரியா தோர்னக்கல்லின் அத்தியட்சராக, ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்திய அத்தியட்சராக அபிஷேகம் பெற்றார். தெலுங்கு நாட்டில் அவர் கட்டியெழுப்பிய பெரிய சபையைப் பற்றி எழுதுகிறவர்கள், அதற்கு வித்திட்டவற்றுள் வட்டுக்கோட்டை மாணவர்களின் சில்லறைக் காசும் ஒன்று என்பதை மறந்துவிடுகிறார்கள்.

இன்றைய தீவகத்தைச் சந்திக்க வரும் போதகர், வேறு வகையான சுமையைச் சுமக்கும் ஜனங்களையே சந்திக்கிறார். 1986 ஜூன் 10ஆம் நாள் மண்டைதீவுக் கடலில், குருநகர்க் கடற்றொழிலாளர் முப்பதுக்கும் மேற்பட்டோர் கடற்படையினரால் கொல்லப்பட்டனர். 1990இல் தீவகத்து மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். அவ்வாண்டில் மண்டைதீவில் காணாமற்போனோரின் உறவினர் இன்றும் பதில் கேட்டபடி இருக்கின்றனர். 2006 ஆகஸ்ட் 13ஆம் நாள், எறிகணைகளுக்குப் பயந்து ஜனங்கள் தஞ்சம் புகுந்திருந்த அல்லைப்பிட்டிப் பிலிப்பு நேரியார் கோவில் மேலேயே எறிகணை விழுந்து பலர் மாண்டனர். அந்தக் கோவிற்பற்றின் குருவானவர் ஜிம் பிறவுண், ஒரு வாரத்துக்குள், ஆகஸ்ட் 20ஆம் நாள், துணையாக வந்தவரோடு காணாமற்போனார். ஒறற்றோரியன் குருக்கள் ஒல்லாந்தருக்கு அஞ்சி மறைந்து வாழ்ந்தது பழங்கதை என்று எண்ணியிருந்தோருக்கு, குருவானவர் ஒருவர் தம் மந்தையோடு நிற்பதன் விலை குறைந்துவிடவில்லை என்பது தெரிந்தது.

இந்த ஜனங்களிடம் வந்து, ஒலிபெருக்கி கட்டி எழுப்புதல் கூட்டம் நடத்தி, சாட்சி சொல்லவைத்து, படம் பிடித்துக்கொண்டு போகிறவர்களும் உண்டு; எல்லாரையும் ஒரே தராசில் நிறுப்பது நியாயமன்று. கூட்டத்தைக் காட்டிலும் வீடு சந்திப்பையே சபையார் விரும்புகிறார்கள் என்பது அவர்களோடு பழகியவர்களுக்குத் தெரியும். திண்ணையிலே பாயை விரித்து, தேத்தண்ணீர் கொடுத்து, போதகருக்கு முன் அவர்கள் எடுத்து வைப்பது பெரும்பாலும் வேதத்தைப் பற்றிய சந்தேகமன்று. காணாமற்போன மகனின் படம், வங்கிக் கடனுக்கான கடுதாசி, வெளிநாட்டுக்குப் போன பிள்ளை அனுப்பாத கடிதம். சொல்லுவதற்கு ஒன்றுமில்லாமல் கேட்டுக்கொண்டிருப்பது பிரசங்கத்திலும் கடினமான வேலை.

அயலவரான சைவர்களின் மனநிலையையும் வருகிறவர் அறிந்திருக்கவேண்டும். தீவகத்துக் கிராமங்களிற் பல சைவக் கிராமங்கள். சபையைச் சந்திக்க வந்தவர் மதம் மாற்ற வந்தவர் என்று கருதப்பட்டால், அவர் விமானம் ஏறிப் போன பின் பகையைச் சுமப்பவர் அதே ஒழுங்கையில் குடியிருக்கும் உபதேசியார்தாம். அரசாங்கத்தின் நியதியும் உண்டு: சுற்றுலா விசாவில் வந்து பிரசங்கம் செய்வது முறையன்று, மத ஊழியத்துக்கு வேறு அனுமதி பெறவேண்டும். ஆளுநர் பார்ண்ஸ் காலத்திலிருந்தே இந்தத் துறைமுகங்கள் ஊழியர்களிடம் கடுதாசி கேட்டு வந்திருக்கின்றன.

கடல் கடந்து ஒருவரையொருவர் சந்திக்கும் சபைகளை ஆண்டுதோறும் காணவேண்டுமானால் கச்சதீவு அந்தோனியார் திருவிழாவுக்குப் போகவேண்டும். குடியிருப்பும் குடிதண்ணீரும் இல்லாத அத்தீவின் கோவில் யாழ்ப்பாண மறைமாவட்டத்தைச் சேர்ந்தது. நெடுந்தீவுக் கோவிற்பற்றின் பொறுப்பில் இருக்கிறது. தவக்காலத்தில் இரு நாட்கள், இராமேஸ்வரத்திலிருந்து விசைப்படகுகளிலும் குறிகட்டுவானிலிருந்து பயணப் படகுகளிலும் யாத்திரிகர்கள் வந்து சேர்வார்கள்; இருகரைக் குருமாரும் நின்று, மாலையில் சிலுவைப்பாதையும் மறுநாட் காலையில் திருப்பலியும் நடத்துவார்கள். அருகருகே முழந்தாளிடுகிறவர்களில் ஒருவர் இழுவைப்படகுக்காரர். மற்றவர் அந்த இழுவைமடியால் தம் வலை அறுந்துபோனவர். 2024இல், தங்கள் மீனவர்கள் இலங்கையிற் சிறைப்பட்டதைக் கண்டித்து இராமேஸ்வரத்தார் திருவிழாவையே புறக்கணித்தனர். வலையின் வழக்கைக் கோவில் தீர்த்துவிடும் என்று இரு கரையிலும் யாரும் எதிர்பார்ப்பதில்லை. ஆனால் இரு தரப்பாரும் அதிகாரிகள் இல்லாமல் முகத்துக்கு முகம் பேசிக்கொள்ளக் கிடைக்கும் இடம் அதைவிட வேறொன்று இருப்பதாகவும் தெரியவில்லை.

தீவகத்துக்கு வர உத்தேசிக்கும் போதகர்கள் விசாரித்தால், நெடுந்தீவுக்குப் போவதானால் ஓர் இரவாவது அங்கே தங்குங்கள் என்றே நான் சொல்வேன். படகுகள் நாளில் சில வேளைகளில்தான் ஓடுகின்றன. காற்றுக்காலத்தில் அவையும் நிச்சயமில்லை. அன்றைக்கே திரும்பும் படகைப் பிடிக்க எண்ணி வருகிறவர், இறங்குதுறையையும் கோவிலையும் நண்டுக்கறியோடு மத்தியானச் சாப்பாட்டையும் தவிர வேறெதையும் கண்டு திரும்பமாட்டார். சபையார் கடலிலிருந்தும் தோட்டத்திலிருந்தும் வீட்டுக்கு வருவதே பொழுதுபட்ட பிறகுதான்.